வாசகர் கேள்வி: பேராளரை அனுப்புவது யார்?

கேள்வி: 2024இல் அமெரிக்காவின் சனநாயகக் கட்சிக்கு சனாதிபதி வேட்பாளரைத் தெரிவு செய்யும் வாக்கெடுப்பில் மக்கள் பைடனுக்குத்தானே வாக்குப் போட்டார்கள்? அவர் விலகியதும் பேராளர்கள் சேர்ந்து கமலா ஹாரிஸை வேட்பாளராக்கிவிட்டார்களே, ஐயா. அந்தப் பேராளர்களை யார் தெரிவு செய்கிறார்கள்?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: பிள்ளை, நானும் ஒருகாலத்தில் பேராளராக இருந்தவன். சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்திலிருந்து சமாசக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். 'தலைவர் பதவிக்கு இன்னாருக்குத்தான் கை உயர்த்த வேணும்' என்று சொல்லித்தான் சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் அந்த இன்னார் சுகமில்லை என்று விலகிவிட்டார். கைத்தொலைபேசி இல்லாத காலம், யாரைக் கேட்பது? பக்கத்தில் இருந்தவர் கை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். ஊருக்கு வந்து வாங்கிக் கட்டியது தனிக் கதை.

யூலை 21இல் பைடன் விலகியபோது அவருக்கென்று தெரிவான ஏறத்தாழ 3,900 பேராளர்கள் என் நிலையில் நின்றார்கள். அவர்களை இன்னொருவரிடம் கையளிக்க அவருக்கு அதிகாரமில்லை. 'ஹாரிஸை ஆதரிக்கிறேன்' என்று சொல்லத்தான் முடியும். அனுப்பியவர்களின் எண்ணத்தை மனச்சாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்கிறது சனநாயகக் கட்சியின் விதி. மனச்சாட்சி ஹாரிஸ் பக்கம் சாய இரண்டு நாள் போதுமாக இருந்தது. பேராளர்கள் கூடும் சிக்காகோ கட்சி மாநாட்டுக்கு முன்பே இணையவழியில் வாக்கெடுப்பையும் முடித்தார்கள்.

சரி, தெரிவு. யாருக்கு எத்தனை பேராளர் என்பது ஒன்று, அந்தக் கதிரைகளில் எவர் இருப்பது என்பது வேறொன்று. எண்ணிக்கையை பிரைமரி என்ற வாக்கெடுப்போ, கோக்கஸ் என்ற ஊர்க்கூட்டமோ தீர்மானிக்கும். சனநாயகக் கட்சியில் 15 வீத வாக்காவது எடுத்தவர்களுக்கு விகிதப்படி பங்கு. குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வழக்கம். 2016இல் புளோரிடாவில் பாதிக்கும் குறைந்த வாக்கோடு ட்ரம்ப் 99 பேராளரையும் அள்ளிக்கொண்டு போனார்.

கதிரைக்கு ஆள் பிடிப்பது பெரும்பாலும் கட்சியின் மாவட்ட, மாநிலக் கூட்டங்களில்தான். வீடு வீடாய்த் திரிந்து வேலை செய்த தொண்டர்கள், உள்ளூர்ப் பிரமுகர்கள் போட்டியிடுவார்கள். சனநாயகக் கட்சியில், நம்பமுடியாத ஆளின் பெயரை வேட்பாளரின் தரப்பே வெட்டிவிடலாம். எங்கள் ஊரார் என் பெயரையும் அப்படி வெட்டியிருக்கலாம்.

முன்பு இவ்வளவும் இல்லை. 1968இல் ஒரு பிரைமரியிலும் போட்டியிடாத அப்போதைய உபசனாதிபதி ஹம்ப்ரி, கட்சிப் பெரிசுகளின் தயவில் சனநாயகக் கட்சி வேட்பாளரானார். மாநாடு நடந்த சிக்காகோவின் வீதிகளில் அடிதடி. பிறகுதான் விதியைத் திருத்த ஒரு குழு போட்டார்கள். அதன் முதல் தலைவர் செனட்டர் மக்கவர்னே 1972இல் புது விதிப்படி வேட்பாளராகி, சனாதிபதித் தேர்தலில் 49 மாநிலங்களில் தோற்றார்!

இங்கே, 2024 சனவரியில் திருகோணமலையில் தமிழரசுக் கட்சியின் தலைவரைப் பொதுச்சபை உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்தார்கள். அடுத்த நாள் பேப்பர் வாங்கப் போனபோது கடைக்காரத் தம்பி கேட்டார்: "அண்ணை, அந்தப் பொதுச்சபை ஆக்களை ஆர் தெரிஞ்சது?" மிச்சக் காசை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.