பட்டறை பதில்கள்: சர்வீஸ் ஆன வண்டியைச் சோதித்து வாங்குவது எப்படி?

கேள்வி: ஸ்ப்ளெண்டர் வைத்திருக்கிறேன். பனியன் கம்பெனிக்குப் போய்வர அதுதான். போன மாதம் ஜெனரல் சர்வீஸுக்கு விட்டேன். சாயங்காலம் வண்டி புதுசு மாதிரி பளபளவென்று நின்றது. ஒரே வாரத்தில் செயின் பக்கம் கரகரவென்று சத்தம். நிஜமாகவே சர்வீஸ் செய்தார்களா, கழுவி மட்டும் கொடுத்தார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, அந்தச் சத்தமே பாதி பதில். உங்கள் வண்டியில் செயின் முழுக்க கவருக்குள் இருக்கிறது. வாட்டர் வாஷில் வேகமாக அடிக்கிற தண்ணீர் உள்ளே போகும். அப்புறம் யாரும் கவரைத் திறந்து ஆயில் விடவில்லை என்றால் சில நாளிலேயே செயின் துருப்பிடித்துக் கத்த ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். விரலில் ஆயில் பிசுபிசுப்பு ஒட்டவில்லை என்றால் செயினை யாரும் தொடவே இல்லை. அதே ஓட்டை வழியாக செயினை மேலும் கீழும் ஆட்டினால் தொய்வும் தெரியும். இந்த வகை வண்டிகளுக்குப் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆடலாம். உங்கள் மேனுவலில் போட்டிருக்கும் எண்தான் கடைசி வார்த்தை. பின்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஒரு இடத்தில் இறுக்கமாகவும் இன்னொரு இடத்தில் தளர்வாகவும் இருந்தால் செயின் செட்டே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை அட்ஜஸ்ட் செய்து சரியாக்க முடியாது.

ஆனால் சோதனையை வண்டி திரும்பி வந்த பிறகு ஆரம்பிக்காதீர்கள். விடுவதற்கு முன்பே ஆரம்பியுங்கள். முதல் நாள் வீட்டிலேயே சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஆயில் கேஜை எடுத்து ஆயில் எவ்வளவு, என்ன நிறம் என்று பாருங்கள். கிலோமீட்டர் மீட்டரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின் பிரேக் எவ்வளவு தூரம் இறங்கிப் பிடிக்கிறது, கிளட்ச் எங்கே விடுகிறது என்பதையும் மனதில் வையுங்கள். முன்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால், இப்போது சரியாகியிருக்கிறதா என்று உங்களால் சொல்லவே முடியாது. எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

வண்டியை வாங்கும்போது முதலில் ஆயில். மூணு நாலு நிமிஷம் இஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்து கேஜை எடுத்துத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுங்கள். திருகினால் அளவு தப்பாகக் காட்டும். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். உள்ளே கொஞ்சம் பழசு தங்கியிருப்பதால் லேசாகக் கறுத்திருந்தால் சந்தேகப்பட வேண்டாம். மை மாதிரி கறுப்பாக இருந்தால் மாற்றவில்லை.

அடுத்து பின்சக்கரம். செயினை இறுக்கியிருந்தால், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் உள்ள கோடுகளைப் பாருங்கள். இடப்பக்கம் எந்தக் கோட்டில் இருக்கிறதோ வலப்பக்கமும் அதே கோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும், செயினும் டயரும் சீக்கிரம் போகும். செயின் வெளியே தெரியும் வண்டி வைத்திருப்பவர்கள் செயினின் இரு முனையையும் இணைக்கும் கிளிப்பான செயின் லாக்கையும் பாருங்கள். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஓட்டத்தில் கழன்றுவிடக்கூடும்.

பிரேக்கைத் தெருவிலேயே மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள், பஜாருக்குப் போய் அல்ல. டிரம் பிரேக்கில் லிவர் அருகே ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அது டிரம் தட்டில் உள்ள குறியைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. அட்ஜஸ்ட் நட்டை இறுக்கி மட்டும் கொடுத்திருந்தால் அது உங்களைக் காப்பாற்றாது. டிஸ்க் பிரேக்கில் பேடு மாற்றியிருந்தால், வண்டியை நகர்த்தும் முன் லிவரை நாலைந்து தடவை அழுத்துங்கள். முதல் அழுத்தலில் பிரேக் பிடிக்காமல் போகலாம். இதைச் சொல்லாமல் சாவியைக் கையில் கொடுக்கும் மெக்கானிக் மேல் எனக்குக் கோபம் வரும். பின் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்தவர்கள் பிரேக் லைட் சுவிட்சை மறந்துவிடுவதும் உண்டு. பெடலை லேசாக மிதித்ததும் லைட் எரிகிறதா, விட்டதும் அணைகிறதா என்று யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

இஞ்சின் வால்வைத் தள்ளும் பாகமான டேப்பட் பற்றி ஒரு விஷயம். இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் டேப்பட் இடைவெளி வைக்க வேண்டும். நீங்கள் ஓட்டி வந்து நிறுத்திய பத்தாவது நிமிஷம் "டேப்பட் வச்சாச்சு" என்றால் நம்பாதீர்கள். முடிந்தால் வண்டியை முதல் நாள் இரவே விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் ஆயில் சொட்டு தெரிந்தால் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷரைப் பார்க்கச் சொல்லி உடனே திருப்பிக் கொண்டுபோங்கள். நீங்களே ஸ்பேனர் வைத்து இறுக்க வேண்டாம். அலுமினிய உடம்பில் மரை போய்விட்டால் செலவு பெரிது.

கேள்வி: கணவர் வளைகுடாவில் வேலை. வண்டியை மெக்கானிக்கிடம் விடுவது நான்தான். எதைக் கேட்டாலும் "எல்லாம் பாத்தாச்சு மேடம்" என்பதோடு சரி. பில்லும் தருவதில்லை. என்ன கேட்க வேண்டும்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: சகோதரி, மூன்று கேள்வி போதும். எதை மாற்றினீர்கள்? எதை அட்ஜஸ்ட் செய்தீர்கள்? அடுத்த சர்வீஸில் எது வேலை வைக்கும்? முதல் இரண்டுக்கும் யாரும் மனப்பாடமாகப் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்கு, வண்டியைக் கழற்றிப் பார்த்தவரால்தான் பதில் சொல்ல முடியும். "பின் ஷூ இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், பின் டயர் தேய்ஞ்சிருக்கு" என்று தயங்காமல் சொன்னால் அவர் பார்த்திருக்கிறார்.

வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து விடுங்கள். மாற்றிய பழைய பார்ட்ஸையும், புதுசு வந்த கவரையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கவரில் விலை இருக்கும். வண்டியை விடும்போதே கேட்டுவிட வேண்டும். வாங்கும்போது கேட்டால் அவர் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்வார், பல நேரம் பார்ட்ஸ் குப்பைக்கும் போயிருக்கும். நேர்மையான மெக்கானிக்குக் கேள்வி கேட்கும் வாடிக்கையாளரைப் பிடிக்கும். அவருடைய உழைப்பு கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான்.

பில் கேட்பது உங்கள் உரிமை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், செய்த சேவைக்கு பில் தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறையாகச் சொல்கிறது. பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அதற்குப் போகும் முன் கடைக்காரரிடம் ஒரு தடவை பொறுமையாகப் பேசிப் பாருங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்கூட நாளைக்கு உதவும்.

கேள்வி: ஆயில் மாற்றிய பிறகு மேட்டில் ஏறும்போது இஞ்சின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை. முன்பு இப்படி இல்லை. (வாசகர், ஏற்காடு)

பதில்: கிளட்ச் வழுக்குகிறது. முதலில் கிளட்ச் லிவரில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கிறதா பாருங்கள். கேபிளை அதிகமாக இழுத்து வைத்திருந்தாலும் இதே கதைதான். அது சரியாக இருந்தால் என்ன ஆயில் ஊற்றினார் என்று கேளுங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இஞ்சின் ஆயிலிலேயே மூழ்கி வேலை செய்கின்றன. உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் தட்டுகள் பிடிக்காது. டப்பாவில் ஜாசோ (JASO) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்க வேண்டும், கிரேடு மேனுவலில் உள்ளபடி. தவறான ஆயிலாக இருந்தால் வடித்துவிட்டு சரியானதை ஊற்றி ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும். அதற்குப் பிறகும் வழுக்கினால் கிளட்ச் தட்டு மாற்ற வேண்டியதுதான். அதுவரை மலைப்பாதையில் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள்.