அந்த ஒரு பிடி அரிசி

கேள்வி: அக்கா, எனக்கு 37 வயது. பல்லடம் பக்கம். வீட்டில் தறி ஓடுகிறது. கணவர், மாமியார், பத்தாவது படிக்கும் மகன், எட்டாவது படிக்கும் மகள். ஒரு வருடமாக எனக்கு ஒரே அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொத்தாகக் கொட்டுகிறது. தோழி ஒருத்தி 23 வைட்டமினும் தாது உப்பும் சேர்ந்த மாத்திரை என்று மாதம் 900 ரூபாய்க்கு வாங்கிச் சாப்பிடுகிறாள், முகமே தெளிந்துவிட்டது. நானும் வாங்கலாமா, எந்த கம்பெனி நல்லது? மகளுக்கும் கொடுக்கலாமா? அவள் வயதுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. மெலிவுதான், ஆனால் எனக்கு ரொம்ப ஒத்தாசை. அப்பாவும் அண்ணனும் சாப்பிட்டு எழுந்த பிறகு நானும் அவளும் அடுப்படியிலேயே உட்கார்ந்து இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் நீல மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று விட்டுவிட்டாள். மற்றபடி சாப்பாட்டில் குறை இல்லை, கீரை உண்டு, ஞாயிறு தோறும் கறி எடுக்கிறோம். அரிசி டப்பா பக்கம் போனால் மட்டும் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள், இவள் கல்யாணத்துக்கு மழை கொட்டப்போகிறது என்று மாமியார் கேலி செய்வார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மணி, நானும் உங்கள் பக்கத்துக்காரிதான், அதனால் நீ என்றே கூப்பிடுகிறேன். எந்த கம்பெனி மாத்திரை நல்லது என்று கேட்டு எனக்கு மாதா மாதம் கடிதங்கள் வருகின்றன, எல்லாவற்றிலும் இதே அசதி, இதே முடி, இதே மூச்சு வாங்கல். உன் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் கடைசி வரி. பேச்சுவாக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். அதைத்தான் நீ முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

உன் மகள் அரிசி தின்கிறாள். ஒரு பிடி, அதுவும் டப்பா பக்கம் போகும்போதெல்லாம். வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து அதைச் சிரிப்பாக ஆக்கி வைத்திருக்கிறீர்கள். வேகாத அரிசி, மண், சாம்பல், சாக்பீஸ், செங்கல் தூள், ஐஸ் கட்டி என்று சாப்பாடல்லாத ஒன்றின் மேல் அடங்காத ஆசை வருவதை மருத்துவர்கள் பைக்கா என்பார்கள். வளர்ந்த பெண்ணுக்கு அது வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரும்புச்சத்துக் குறைவைத்தான். ஏன் அப்படி ஒரு ஆசை வருகிறது என்பதற்குத் தெளிவான விடை இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் இரும்பு மாத்திரை ஒழுங்காக உள்ளே போக ஆரம்பித்ததும் பல பேருக்கு அந்த ஆசை தானாக விட்டுப்போகிறது. மழை வரும் வரை காத்திருக்காதே. உடம்பு ஒன்று கேட்கிறது, வாயால் கேட்கத் தெரியாமல் அரிசியாகக் கேட்கிறது.

இப்போது அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு உன் கடிதத்தை மேலே இருந்து திரும்பப் படித்துப் பார். அப்பாவும் அண்ணனும் சாப்பிட்டு எழுந்த பிறகு நீயும் மகளும் அடுப்படியில். "இருப்பதை." அந்த ஒரு சொல்லை நீ எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறாய்! ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறோம் என்கிறாய், சரி, அந்தச் சட்டியில் ஈரல் யார் தட்டுக்குப் போகிறது? படிக்கிற பையன் என்று அவனுக்கு இரண்டு துண்டு, தறியில் நிற்கிறவர் என்று அவருக்கு மிச்சம், கடைசியில் அடுப்படிக்கு வருவது குழம்பும் எலும்பும்தானே? நான் உன் வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை, ஆனால் இந்த அடுப்படியில்தான் நானும் வளர்ந்தேன், என் அம்மாவும் வளர்ந்தாள்.

கணக்கைப் பார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும், உன் வயதுப் பெண்ணுக்கு 29, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு 30. அதாவது உன் வீட்டில் இரும்பு அதிகம் தேவைப்படுகிற ஆள் உன் மகள். அப்பாவைவிட ஒன்றரை மடங்கு. ஒரு பக்கம் உயரம் கூடுகிறது, இன்னொரு பக்கம் மாதா மாதம் ரத்தம் போகிறது, ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போனால் அரை மில்லிகிராம் இரும்பு அதோடு போகிறது. வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் மாதவிடாய் முறை தவறியும் அதிகமாகவும் வருவதுண்டு. அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் நீ கடைசிப் பந்தியில் உட்கார வைத்து, ஒத்தாசை என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறாய். சோற்றை மட்டும் நிறையப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே, 100 கிராம் தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இராது. வயிறு நிறையும், ரத்தம் ஊறாது.

கோபமாகத்தான் எழுதுகிறேன். என் பெரியம்மா மகள் ஒருத்தி அடுப்புச் சாம்பலை விரலால் தொட்டுத் தொட்டுத் தின்பாள். நாங்கள் எல்லாரும் சிரிப்போம், நானும் சிரித்தேன். பத்தொன்பது வயதில் கல்யாணம், முதல் பிரசவத்தில் ரத்தம் போதவில்லை என்று ராத்திரி முழுக்க ஆள் தேடி அலைந்தார்கள். அவள் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. அந்தச் சாம்பலுக்கு அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரிந்தபோது எனக்கு நாற்பது வயது. உனக்கு இன்று தெரிந்துவிட்டது, இனி தெரியாது என்று சொல்ல முடியாது.

இது உன் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. சத்துணவு கொடுக்கிற மாநிலம், ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிற மாநிலம், அப்படியும் பாதிக்கு மேல். புழு, அதிக ரத்தப்போக்கு என்று காரணங்கள் பல உண்டு, ஆனால் அடுப்படியில் கடைசியாக வைக்கிற தட்டையும் அதில் சேர்க்காமல் என்னால் இருக்க முடியாது.

உன் வீட்டில் தறி ஓடுகிறது என்பதால் ஒன்று சொல்கிறேன். 1928-ல் லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர் பம்பாய்க்கு வந்தார், அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் ஒரு வகைக் கொடிய ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காயும் பழமும் புரதமும் எட்டாத ஏழைப் பெண்களைத்தான் அந்த நோய் அதிகம் தாக்கியிருந்தது. நம் குன்னூரிலும் சென்னையிலும்கூட இருந்து ஆராய்ந்தார், 1931-ல் ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று எழுதினார். அந்தச் சாற்றுக்குள் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம், 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வைத்தார்கள். இன்று உன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் இருப்பது அதே ஃபோலிக் அமிலம்தான். நூல் நூற்ற பெண்கள் செத்துச் செத்து உலகத்துக்குக் கிடைத்த மாத்திரை, வயிற்றைப் புரட்டுகிறது என்று விட்டுவிட்டாளாம், நீயும் சரி என்று விட்டுவிட்டாயாம்!

வயிற்றைப் புரட்டுவது பொய் இல்லை. வெறும் வயிற்றில் போட்டால் பலருக்குப் புரட்டும். மதியம் சாப்பிட்ட பிறகு போடச் சொல், அப்படியும் முடியவில்லை என்றால் டீச்சரிடம் சொல்லி வீட்டுக்கு வாங்கிவந்து ராத்திரி சாப்பிட்டதும் போட்டுவிட்டுப் படுக்கட்டும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்படாதே. போட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது, டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடு. இந்த ஒன்றை மாற்றினாலே உங்கள் ஊரில் பாதிப் பேர் தேறுவார்கள் என்று எனக்கு எண்ணம். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூடச் சேர்த்தால் அதிலிருக்கும் வைட்டமின் சி கீரையின் இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும். முருங்கைக்கீரையை மட்டும் நம்பி இருக்காதே. நல்ல கீரை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அதில் உள்ள இரும்பில் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம். ஈரலிலும் கறியிலும் உள்ளது சுலபமாக ஒட்டும்.

சரி, நீ கேட்ட 900 ரூபாய் மாத்திரைக்கு வருகிறேன். வாங்காதே. அந்த மாதிரி மாத்திரைகளில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், ரத்தசோகை உண்மையிலேயே இருந்தால் அந்த அளவு இரும்பு போதாது. கால்சியமும் இரும்பும் ஒரே நேரத்தில் போனால் ஒன்றை ஒன்று தடுக்கும், அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு இரண்டையும் வேறு வேறு வேளையில் போடச் சொல்கிறார்கள். வைட்டமின் பி, சி போன்றவை மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும், ஏ, டி இரண்டும் அப்படி இல்லை, கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கும், கண்டபடி சேர்ந்தால் கெடுதல். உன் தோழிக்கு எதனால் முகம் தெளிந்ததோ, நீ இன்னும் ஒரு சொட்டு ரத்தம்கூடப் பரிசோதித்துப் பார்க்கவில்லை. இன்னொரு கணக்கும் சொல்கிறேன், முட்டை ஏழு ரூபாய் என்றே வைத்துக்கொள், 900 ரூபாய்க்கு 128 முட்டை. நீயும் மகளும் ஆளுக்கு தினம் இரண்டு சாப்பிட்டாலும் மாதம் போக மிச்சம் இருக்கும். முட்டையில் இரும்பு பெரிதாக இல்லை, ஆனால் புரதம் உண்டு, எந்தக் கீரையிலும் கிடைக்காத பி12 உண்டு. மாத்திரைக்கு 900 எடுத்து வைக்க முடிந்த வீட்டில் உங்கள் இரண்டு பேர் தட்டில் முட்டை விழுவதில்லை என்றால் அது பணத்தட்டுப்பாடு இல்லை, உங்களுக்கு வேண்டாம் என்று நீயே முடிவு செய்துவிட்டாய்.

நாளைக் காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. இரண்டு பேருக்கும் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல், காசு கிடையாது. 12-க்குக் கீழே என்றால் இரண்டு பேருக்குமே ரத்தசோகைதான். அவள் அரிசி தின்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல், வெட்கப்பட்டு மறைக்காதே. உன் அசதிக்குத் தைராய்டும் பி12-ம் பார்க்கச் சொல்லிக் கேள். உனக்கு மாதவிடாய் எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்று நீ எழுதவே இல்லை. 37 வயதில் அது முக்கியம், கர்ப்பப்பையில் கட்டி இருந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் எத்தனை மாத்திரை போட்டும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை அவள் முழுங்கினாளா என்றும் கேள், கொக்கிப்புழு குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதே, உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப அதற்கு மேலும் மூன்று மாதமாவது போட வேண்டும்.

அப்புறம் பந்தி. குடும்பத்துக்குப் பரிமாறுவதை நான் தாழ்வாக நினைக்கிறவள் இல்லை, என் வீட்டில் இன்றும் நான்தான் பரிமாறுகிறேன். ஆனால் பிள்ளையைப் பட்டினி போடாமல் வளர்ப்பது அதற்கு முந்தின கடமை, பெண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். மிச்சத்தைத் தின்பதைப் பொறுமை என்று அவள் உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள், நாளைக்குத் தன் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கும்போதும் அப்படியே உட்காருவாள். எடுத்து வைத்த குழம்பு, காய், ஈரல், முட்டை எல்லாவற்றையும் அடுப்பிலிருந்து இறக்கியதும் முதலில் ஐந்து தட்டில் பங்கு போடு, அப்புறம் யார் எப்போது உட்கார்ந்தாலும் பரவாயில்லை. முடிந்தால் எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். தறியை அரை மணி நேரம் நிறுத்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது. உன் மாமியாரோடு சண்டைக்குப் போகாதே, அவரும் எத்தனையோ வருடம் கடைசியில் சாப்பிட்டவர்தான், அவரையும் கூட்டிக்கொண்டுபோய் அதே இடத்தில் ரத்தம் பார். அவருடைய ஹீமோகுளோபின் எண் தெரிந்தால் கேலி நிற்கும்.

உன் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடு. தம்பி, உங்கள் மகள் அரிசி தின்கிறாள், அது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் நாளைக்கு மூன்று பெண்களையும் வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போக வேண்டியவர் நீங்கள்தான்.

பரிசோதனை முடிந்ததும் எனக்கு எழுது, அம்மணி. மூன்று பேருடைய எண்ணும் வேண்டும். மகளுடையதை முதலில் எழுது.