வெள்ளாட்டுக்கு எத்தனை கருப்பு?

கேள்வி: எங்க வீட்டு கருப்பு வெள்ளாட்டை சாஃப்ட் பேஸ்டல்ல (சாக்பீஸ் மாதிரி தூள் உதிர்ற கலர் குச்சி) வரைஞ்சேன் சார். ஷேப் எல்லாம் ஓரளவு வந்துச்சு, உடம்புக்கு கருப்பு தேய்ச்சதும் பேப்பர்ல ஓட்டை விழுந்த மாதிரி ஆயிடுச்சு, முகத்தைப் பார்த்துட்டு வீட்ல எல்லாரும் நாய்ங்கறாங்க. எங்க தப்பு?
(வாசகி, மணப்பாறை)

பதில்: முதல்ல அந்த கருப்பு குச்சியை டப்பாவுல போட்டு மூடுங்கம்மா. கருப்பு ஆட்டை வெள்ளாடுங்கறது மங்கல வழக்குன்னு ஸ்கூல்ல படிச்சோமே, பேஸ்டலுக்கும் அது பாதி உண்மைதான். காலை வெயில்ல ஆட்டைக் கட்டிட்டு ஒரு பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க, முதுகுல வானத்து வெளிச்சம் பட்டு நீலமா மினுங்கும், வயித்துப் பக்கம் செம்மண் தரையோட கலர் ஏறி பழுப்படிக்கும், வெயிலுக்கு எதிர்ல நின்னா காது உள்ள சிவப்பா தெரியும், சுத்த கருப்புன்னு தேடினா கழுத்து மடிப்புலயும் கால் இடுக்குலயும் கொஞ்சூண்டு தான் கிடைக்கும். அதனால அடர்நீலம், கரும்பழுப்பு, ஊதா மூணையும் லேசா ஒண்ணு மேல ஒண்ணு போட்டு ஒரே ஒரு தடவை தேய்ச்சு விட்ருங்க, அதுக்கு மேல போடுற முடிக்கோட்டை தொடவே கூடாது. கோடு முடி படிஞ்ச பக்கமா போகணும், எல்லா முடியையும் போடாதீங்க, வெளிச்சம் விழுற இடத்துல மட்டும் போட்டா மீதியை கண்ணே நிரப்பிக்கும்.

நாய்னு சொன்னதுக்கு காரணம் கண்ணு தான், பாவையை உருண்டையா போட்ருப்பீங்க! ஆட்டுக்கு அது படுக்கை வாட்டத்துல நீளமா இருக்கும், சுத்தி தேன் கலர். குச்சி முனை இதுக்கு தடிமன், பேஸ்டல் பென்சிலை நல்லா சீவிட்டு போடுங்க.

வழவழ சார்ட் பேப்பர்ல பொடி நிக்காது, சொரசொரப்பு வேணும். கொட்டுற தூளை வாயால ஊதாதீங்க, சில கலர்ல உடம்புக்கு ஆகாத பொருள் இருக்கு, அட்டையை நிமித்திப் பிடிச்சு பின்னாடி தட்டினா போதும்.

கேள்வி: வெள்ளைப் பூனை வரைஞ்சு தூள் உதிராம இருக்க ஃபிக்ஸடிவ் ஸ்ப்ரே அடிச்சேன், அழுக்குப் பூனை ஆயிடுச்சு!
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பேஸ்டல் பளிச்னு இருக்கறதே உதிரித் தூள்ல வெளிச்சம் சிதறுறதால தான், ஸ்ப்ரே அந்தத் தூளை நனைச்சு ஒட்ட வச்சிடும், வெள்ளை தான் முதல்ல அடிவாங்கும். அடுத்த தடவை கடைசி லேயருக்கு முன்னாடி தூரத்துல பிடிச்சு மெல்லிசா அடிச்சிட்டு, காஞ்சப்புறம் வெள்ளையைப் போட்டு அப்படியே விட்ருங்க. ஃப்ரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாம இடைல மவுண்ட், அதாவது படத்தைச் சுத்தி ஒரு அட்டை விளிம்பு, வைக்கச் சொல்லுங்க, நான் ஒரு தடவை சொல்ல மறந்து என் மாட்டோட மூக்கு பாதி கண்ணாடில போயிடுச்சு.

கேள்வி: பையனோட ஆயில் பேஸ்டல் (எண்ணெய்ப் பசையுள்ள கலர் குச்சி) தான் இருக்கு, அதுல முடி வருமா?
(வாசகி, நெய்வேலி)

பதில்: வரும், ஆனா வழி வேற. அடியில வெளிர் கலரை அழுத்தித் தேய்ச்சு மேல அடர் கலர் பூசிட்டு ஊக்கு முனையால சுரண்டுங்க, அணில் வாலுக்கு இதை விட ஈஸி எதுவும் இல்ல. பட்டர் பேப்பர் போட்டு மூடி வைங்க, அது லேசுல காயாது.