பண்டிகை பீரில் ஹாப்ஸ் மணம் நிற்கவில்லையா?

மூன்றே வாரத்தில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் போய், நனைந்த அட்டை வாசம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஹாப்ஸை இன்னும் கூட்டாதீர்கள். இது ஆக்சிஜன் செய்யும் வேலை. ட்ரை ஹாப் (காய்ச்சிய பிறகு, மணத்துக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ்) போடும்போதும் கேனில் அடைக்கும்போதும்தான் பெரும்பாலும் அது உள்ளே நுழைகிறது. தொட்டி, குழாய் எல்லாவற்றிலும் முதலில் கார்பன் டை ஆக்சைடு செலுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். கேனில் நுரை விளிம்புக்கு மேல் பொங்கி நிற்கும்போதே மூடி விழ வேண்டும். அப்புறம், நீங்கள் சேர்த்த பட்டையும் கிராம்பும் வேண்டாம் என்றே எனக்குப் படுகிறது. அமெரிக்க பீர் நிறுவனமான சியரா நெவாடாவின் பண்டிகை பீர் செலிப்ரேஷன் 1981-இல் தொடங்கியது. மசாலா கிடையாது, அந்த ஆண்டு அறுவடையின் புது ஹாப்ஸ்தான் அதன் பலம். அடுத்த முறை ஒரு கேனைக் குளிரிலும் ஒன்றை வெளியிலும் வைத்து, இரண்டு வாரம் கழித்து முகர்ந்து பாருங்கள்.