டிக் போடாத நாட்கள்

கேள்வி: எனக்கு 43 வயது, பாளையங்கோட்டை. பாடகர் குழு, பெண்கள் சங்கம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எதையும் விடுவதில்லை. ஞாயிறு பள்ளியும் எடுக்கிறேன் (வேதாகமத்தில் வரும் யோனாவை விழுங்கியது சீலா மீனா சுறாவா என்று பிள்ளைகள் குடைகிறார்கள்!). ஒரு வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையில் 19 நாள் பின்தங்கிவிட்டேன். முழங்கால் போட்டால் மனம் அடுப்படிக்கும் போனுக்கும் ஓடுகிறது. கிறிஸ்துவுக்குள் விடுதலை என்கிறார்களே, எனக்கு ஏன் அது இல்லை?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் 19 நாள் கணக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது. குறையாகச் சொல்லவில்லை. டிக் போடுவதற்காகவே லேவியராகமத்தை பஸ்ஸில் வேகவேகமாகப் புரட்டியவன்தான் நானும்.

கலாத்தியா சபையாருக்கு எழுதிய நிருபத்தில் (கலாத்தியர் 5:1) அப்போஸ்தலன் பவுல் 'சுயாதீனம்', அதாவது விடுதலை, என்கிறாரே, அதைக் கெட்ட பழக்கத்திலிருந்து விடுபடுவது என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சபையாருக்குப் பக்தியில் குறைவில்லை. 'நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே' என்பதுதான் அவர்களைப் பற்றி அவருக்கு இருந்த வருத்தம். பக்தியே கழுத்தில் நுகத்தடியாக ஏறிவிட்டது. வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். டிசம்பர் 31க்குள் முடித்தாக வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியில்லை. அட்டவணையை மேசைக்குள் போடுங்கள். ஒரு மாதத்துக்கு 131ஆம் சங்கீதம் மட்டும் போதும். மூன்றே வசனம், பால்மறந்த குழந்தை தாயிடம் சும்மா கிடக்கிற சங்கீதம்.

மனம் ஓடினால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அடுப்பில் பால் இருந்தால் எழுந்துபோய் அணைத்துவிட்டு வாருங்கள். பிள்ளையின் ஃபீஸ் நினைவுக்கு வந்தால் அதையே ஜெபமாகச் சொல்லுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

களக்காடு பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி அம்மையார் பிள்ளைகளுக்காக ஓடியாடி உழைத்தவர். 1931இல் கீழே விழுந்து அடிபட்டபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கே கிடந்தபடி பல புத்தகங்கள் எழுதினார். நமக்கு அப்படி அடிபட்டுத்தான் ஓட்டம் நிற்க வேண்டுமா என்ன? பாடகர் குழுவோ சங்கமோ, ஒன்றை ஆறு மாதம் விடுங்கள். சபை ஐயரிடம் (போதகரிடம்) நேரில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சபையின் அடுத்த அசன விருந்துக்குள் 'அந்தம்மா பின்வாங்கிட்டாளாமே' என்று பேச்சு கிளம்பிவிடும். சொன்னாலும் கிளம்பலாம், அது வேறு.

ஞாயிறு பள்ளியை மட்டும் விடாதீர்கள். அந்தச் சீலா மீன் வரியில்தான் நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்.