சருகு குப்பையல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளோடு புதுச்சேரி பக்கத்திலுள்ள புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போகிறோம். அங்கே என்னென்ன பார்க்கலாம்? எந்த பைனாகுலர் வாங்கலாம்? போன மாதம் எங்கள் குழு அங்கே துப்புரவுப் பணி செய்தது. பிளாஸ்டிக், சருகு, புதர் எல்லாவற்றையும் அகற்றினோம். அடுத்து வேம்பும் புங்கனும் நடப்போகிறோம்.

அன்புள்ள நண்பருக்கு,

பைனாகுலர் எதுவானாலும் போதும். உங்கள் கடைசி மூன்று வரிகள்தான் என் மனதில் நிற்கின்றன. நல்லெண்ணத்தோடு செய்திருக்கிறீர்கள், ஐயமில்லை. பிளாஸ்டிக் பொறுக்கியதற்கு உங்களைக் கும்பிடலாம். ஆனால் சருகை ஏன் தொட்டீர்கள்?

அது உலர் பசுமைமாறாக் காடு. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மற்ற மாதங்களில் அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பது சருகுதான். நாவல் விதை காய்ந்தால் சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். சருகைக் கூட்டிய இடத்தில் விதை வெயிலில் கிடந்து சாகும். தப்பி முளைத்த விரலளவுக் கன்றையும் துடைப்பம் பிடுங்கிவிடும். மேலே மரங்கள் பச்சையாகவே நிற்பதால் நமக்கு எதுவும் தெரியாது. கீழே அடுத்த தலைமுறை இருக்காது.

தையில் நீங்கள் பார்க்க வேண்டிய ஆறுமணிக்குருவியும் சருகை நம்பித்தான் வலசை வருகிறது. அலகால் இலையைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்னும் பறவை அது. விடிகாலையில் பாதையோரம் அசையாமல் உட்காருங்கள். முதலில் சரசரப்பு கேட்கும், பிறகுதான் பறவை கண்ணில் படும். கூட்டிப் பெருக்கிய தரையில் அதற்கு என்ன வேலை?

புதர் என்று வெட்டியவை எவை? ஓடைக்கொடியா, மோதிரக்கண்ணியா? காட்டின் ஓரத்தைக் கொடிகள்தான் சுவர்போல அடைத்து வெப்பக்காற்றைத் தடுக்கின்றன. அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தால் வெயில் உள்ளே இறங்கும், பின்னாலேயே உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் நுழையும்.

வேம்பும் புங்கனும் தெருவோரத்துக்கு நல்ல மரங்கள். இங்கே வேண்டாம். குழி தோண்டினால் காயா, வீரை, இரும்புலி மரங்களின் வேர் அறுபடும். வெறுமையான இடம் இருந்தால் ஆடு மாடு புகாமல் வேலி மட்டும் போடுங்கள். பழம் தின்னும் பறவைகளும் மரநாயும் விதைத்துக்கொள்ளும். அடுத்த முறை துப்புரவுக்குப் போனால் பாதையிலும் பொங்கல் வைக்கும் இடத்திலும் கையால் பொறுக்கினால் போதும். துடைப்பமும் அரிவாளும் வீட்டிலேயே இருக்கட்டும்.

காயாம்பூவின் நீலத்தைப் பார்க்கக் கோடையில் இன்னொரு முறை வாருங்கள். இப்போதைக்குப் பிள்ளைகளை ஆடுதீண்டாப்பாளைக் கொடியைத் தேடச் சொல்லுங்கள். கறுப்புச் சிறகும் சிவந்த உடலுமாய்ப் பறக்கும் சிவப்புடல் அழகி வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். இலையின் அடியில் செம்மஞ்சள் நிறத்தில் சிறு மணிகளாக இருக்கும். கொடியைக் கிள்ளி வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நஞ்சு. நீங்கள் வெட்டிய புதரில் அதுவும் போகாமல் இருந்திருக்க வேண்டும்.