வெள்ளி கண்ணைக் கூசுகிறது, செம்பு கரியாகிறது

கேள்வி: பாட்டியின் பெட்டியில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஆறு இருக்கின்றன. எங்கள் வயலில் எப்போதோ கிடைத்த செப்புக் காசுகள் இரண்டும் உண்டு. செல்போனில் எடுத்தால் வெள்ளி வெறும் வெளிச்சமாகவும் செம்பு கரியாகவும் விழுகிறது. வாங்குவதாகச் சொல்பவர் நல்ல படம் கேட்கிறார். புளி போட்டுத் தேய்த்துவிட்டு எடுக்கலாமா? (வலங்கைமான் வாசகி)

பதில்: புளியைத் தொடாதீர்கள் அம்மா. குத்துவிளக்கைத் துலக்கும் புளி, பழங்காசுக்கு எமன். செம்பின் மேல் படிந்த கருமையும் பச்சையும்தான் அதன் வயதுக்குச் சாட்சி. அதை உரித்துவிட்டால் திரும்ப வராது. விவரம் தெரிந்தவர் அந்தக் காசைக் கையில் எடுக்கவே யோசிப்பார். எலுமிச்சை, திருநீறு, பல்பொடி எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துத் துணியால் ஒற்றி எடுங்கள்.

படத்துக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். புத்தக அடுக்கின் விளிம்பில் கேமரா வெளியே நீட்டியிருக்குமாறு போனைப் படுக்கவையுங்கள். காசுக்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். இரண்டு மடங்கு பெரிதாக்கி, டைமர் வைத்து எடுங்கள். அடியில் சாம்பல் நிறத் தாள். வெள்ளைத் தாள் போட்டால் கேமரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் செம்பு கரியானது பெரும்பாலும் இதனால்தான். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே மேசை விளக்கை ஏற்றுங்கள். வெள்ளிக்கு அந்த விளக்கின் முன் டிரேசிங் தாளைப் பிடித்தால் கூச்சம் அடங்கும்.

தேய்ந்த செம்புக்கு மட்டும் வேறு முறை. அறுவடை முடிந்த வயலில் மாலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் வரப்பும் மேடுபள்ளமும் துலங்கும். அதுபோல விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, தாள் மறைப்பை எடுத்துவிடுங்கள். காசில் உள்ள உருவத்தின் தலைப்பக்கம் விளக்கு இருக்கட்டும்; கால்பக்கம் வைத்தால் மேடு, பள்ளம்போலத் தோன்றி ஏமாற்றும். பிறகு இடமும் வலமும் சற்று நகர்த்தி மூன்று நான்கு படம் எடுங்கள். ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் இருந்தால், அமர்ந்த உருவத்தின் பக்கத்தில் இந்தி எழுத்தின் சாயலில் இருக்கும் நாகரி எழுத்தைத் தேடுங்கள். ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று இருந்தால் அது சோழர் காசு வகை.

இனி அந்த வாங்குபவர். படம் போனதும் ‘லட்சக்கணக்கில் மதிப்பு’ என்பார். அடுத்த நாள் கமிஷன், வரி என்று உங்களிடமே பணம் கேட்பார். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இது நடந்ததால், பழைய நாணய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, கட்டணம் கேட்பதும் இல்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. வாங்குபவர் உங்களிடம் பணம் கேட்டால் அவர் திருடர். வெள்ளி ரூபாய் அசல்தானா என்று அறிய ஒவ்வொன்றாக நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், 11.66 கிராம் இருக்க வேண்டும், தேய்மானத்தில் சற்றுக் குறையலாம்.

வயல் காசின் படத்தை அவருக்கு அனுப்பவே கூடாது. மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு தேநீரின் விலையில் வந்து நிற்கும் அந்தத் தொகையை மாற்ற இத்தனை காலமாக யாருக்கும் மனம் வரவில்லை! எந்த மேசையில் மனுவைக் கொடுப்பது என்று கேட்டால் அலுவலகத்திலேயே பலருக்குத் தெரியாது. ஆனாலும் இரு பக்கப் படத்தையும் அருகே அளவுகோல் வைத்து எடுத்து, மனுவோடு திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். கையெழுத்தும் தேதியும் போட்ட ஒப்புகை கையில் வராமல் படி இறங்காதீர்கள்.